சீவாளி வாங்குமுன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நாகஸ்வரம் கற்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளின் வீட்டாரிடமிருந்து வரும் கடிதங்களில் சீவாளி (நாணல் வகைத் தட்டையில் செய்த, இரண்டு இதழ் கொண்ட ஊதுமுனை) பற்றிய கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. வாத்தியம் அமைந்துவிட்டது, வாத்தியாரும் கிடைத்துவிட்டார், சீவாளி மட்டும் கைகொடுக்கவில்லை என்கிறார்கள். இந்த இதழில் அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். அவற்றில் ஒன்று அயர்லாந்திலிருந்து கும்பகோணம் வழியாக வந்தது.

என் பேரனுக்கு 11 வயது. ஆறு மாதமாக நாயனம் கற்கிறான். தெரிந்தவர் மூலமாக ஆறு சீவாளி பார்சலில் வரவழைத்தோம். இரண்டில் சத்தமே எழும்பவில்லை. மற்றவற்றில் கொஞ்ச நேரம் வாசித்தாலே உதடு மரத்துப்போகிறது என்கிறான். வாத்தியார் கொடுத்த பழைய சீவாளியில் மட்டும் நன்றாக வாசிக்கிறான். நல்ல சீவாளியை எங்கே, எப்படிப் பார்த்து வாங்குவது?
*(ஒரு பாட்டி, மன்னார்குடி)*

பார்சலில் வந்த ஆறையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அம்மா. சீவாளியைத் தனியாக வைத்து நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது. எந்த உலவு (வாத்தியத்தின் மரக் குழல்), எந்தக் கெண்டை (சீவாளியைச் செருகும் உலோகக் குழல்), யாருடைய உதடு என்ற மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கும். வாத்தியார் கொடுத்தது பழகிய சீவாளி. பல நாள் ஊறி, இதழ் இளகி, வாத்தியத்தோடு ஒத்துப்போனது. அதன் பக்கத்தில் புதுச் சீவாளியை வைத்துப் பார்த்தால் எதுவும் தேறாது.

வாங்க வேண்டிய இடம் உங்களுக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. சீவாளிக்குப் பேர்போன ஊர் திருவாவடுதுறை. நாகஸ்வரத்துக்குப் பேர்போன நரசிங்கம்பேட்டை அதற்குப் பக்கத்து ஊர். அங்கே செய்யப்படும் நாகஸ்வரம் 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. கும்பகோணம்–மயிலாடுதுறை ரயில் பாதையில் நரசிங்கம்பேட்டை என்றே ஒரு நிலையம் உண்டு. ஒரே பயணத்தில் இரண்டு ஊரையும் பார்த்துவிடலாம். முகூர்த்தங்கள் நெருக்கமாக வரும் வாரங்களில் போகாதீர்கள். செய்பவர்களுக்கு அப்போது கைநிறைய வேலை இருக்கும். உட்கார்ந்து தேர்ந்தெடுக்க நேரம் கிடைக்காது.

பேரனையும் அவன் வாத்தியத்தையும் கெண்டையோடு கூட்டிப் போங்கள். வாத்தியாரும் வந்தால் மிக நல்லது. செய்பவரிடம் நான்கு விவரம் சொல்ல வேண்டும்: பாரியா திமிரியா (நீளமான நாயனமா, குட்டையா), எத்தனை கட்டைச் சுருதி, பையன் கற்கத் தொடங்கி எத்தனை மாதம், தினமும் எவ்வளவு நேரம் ஊதுகிறான். பெரும்பாலானவர்கள் முதல் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். சீவாளியின் கனத்தை முடிவு செய்வது கடைசி இரண்டும்தான். நாள்தோறும் மணிக்கணக்கில் வாசிக்கும் வித்வானின் உதட்டுக்குக் கனமான சீவாளி வசப்படும். அதையே 11 வயதுப் பிள்ளை ஊதினால், காற்று போதாமல் உதட்டால் இறுக்கிப் பிடிப்பான். இறுக்கினால் சுருதி ஏறும், உதடு மரக்கும், கமகம் வராது. உங்கள் வீட்டில் நடந்திருப்பது இதுவாகத்தான் இருக்கும்.

தேர்ந்தெடுக்கும்போது முதலில் கண்ணுக்கு வேலை கொடுங்கள். முற்றிப் பதமான தட்டை வைக்கோல் நிறத்திலோ அதைவிடச் சற்றுப் பொன்னிறமாகவோ இருக்கும். பச்சை ஓடியிருந்தால் ஈரம் முழுதாக வற்றவில்லை. நாளாக ஆகச் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். பிறகு சீவாளியை வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இதழின் நுனி மெல்லியது என்பதால் தேன் நிறத்தில் ஒளிவிடும். அடியை நோக்கி வரவர இருளும். அந்த இருட்டு இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் ஒரே இடத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் நுனிவரை இருண்டிருந்தால் அந்தப் பக்கம் தடிப்பு; ஒரு பாதி அதிரும், மறுபாதி இழுத்துப் பிடிக்கும். நார் நேராக ஓட வேண்டும். இரண்டு மூலைகளிலும் மயிரிழை அளவு வெடிப்புகூட இருக்கக்கூடாது. முகத்துக்கு நேராகத் திருப்பி வாயைப் பாருங்கள்: நடுவில் லேசாகத் திறந்து, இரண்டு ஓரத்திலும் மூடி, பாதி மூடிய கண்போல இருப்பது நல்ல வாய். மேலிதழும் கீழிதழும் ஒரே அளவு வளைந்திருக்க வேண்டும்.

அடுத்தது அடிப்பகுதி. சீவாளியைக் கெண்டையில் செருகினால் ஆடாமல் கவ்வ வேண்டும். செருகியபடியே நுனியை வாயில் ஒன்றிரண்டு நிமிடம் நனையவிட்டு, கெண்டையின் கீழ்த் துளையை விரலால் அடைத்துக்கொண்டு மெல்ல உறிஞ்சுங்கள். இதழ்கள் ஒட்டிக்கொண்டு ஒரு நொடியாவது அப்படியே நின்றால் காற்றுக் கசிவு இல்லை. உடனே விட்டுவிட்டால் ஓரத்திலோ நூல்கட்டிலோ கசிகிறது.

பிறகுதான் ஊத வேண்டும். உலவில் பொருத்தாமல் கெண்டையோடு மட்டும் ஊதிப் பார்க்கட்டும். மெல்ல ஊதும்போதே ஒலி பிறக்க வேண்டும். காற்றைக் கூட்டினால் ஒலி பெருக வேண்டும், அடைத்துக்கொள்ளக்கூடாது. கடைசியாக வாத்தியத்தில் பொருத்தி, ஆதார ஸட்ஜத்தை நீட்டிப் பிடிக்கட்டும். அங்கிருந்து பஞ்சமம், மேல் ஸட்ஜம். மேல் ஸட்ஜத்துக்குப் போகும்போது பையனின் முகத்தைப் பாருங்கள். கன்னம் உப்பிக் கழுத்து நரம்பு புடைத்தால் அந்தச் சீவாளி இப்போதைக்கு அவனுக்கு வேண்டாம். அதற்கு நேர்மாறாக, மேல் ஸட்ஜம் எழும்பிய பிறகு தொய்ந்து கீழே இறங்கினால் சீவாளி மிகவும் இளசு; அதையும் தள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று வாங்கி வராதீர்கள். தொடங்குபவருக்கு நான்கு போதும். உடனே வாசிக்க இளசாக இரண்டு, இரண்டு மூன்று மாதம் கழித்து உதடு பலப்பட்டதும் எடுக்கச் சற்றுக் கனமாக ஒன்று, அவசரத்துக்கு ஒன்று. வீட்டில் இருக்கும் பழைய ஆறையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். சத்தம் எழும்பாத இரண்டுக்கும் கெண்டைப் பொருத்தம்தான் குறையாக இருக்கலாம். அவை செய்பவரின் கைபட்டால் தேறிவிடும்.

என் மகன் எட்டாம் வகுப்பு. திமிரியில் தொடங்கட்டுமா, பாரியில் தொடங்கட்டுமா? இரண்டுக்கும் ஒரே சீவாளி போடலாமா?
*(திருவாரூர்)*

வாத்தியார் எதில் வாசிக்கிறாரோ அதில் தொடங்கட்டும். எதிரே உட்கார்ந்து கேட்டு அப்படியே திருப்பி வாசிப்பதுதான் பாடம். இரண்டு பேருக்கும் சுருதி ஒன்றாக இருந்தால்தான் அது நடக்கும். இன்று பெரும்பாலும் பாரிதான். நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி 1955இல் சுத்த மத்தியமம் என்ற ஸ்வரம் துல்லியமாகப் பேசும் பாரி நாயனத்தைச் செய்து கொடுத்தார். இப்போது கையில் இருப்பவை அந்த வழியில் வந்தவை.

சீவாளியை மாற்றிப் போட முடியாது. திமிரி குட்டை, சுருதி அதிகம். பாரி நீளம், சுருதி குறைவு. சீவாளியின் அளவும் அதற்கேற்ப மாறும்.

புதுச் சீவாளி போட்டதிலிருந்து வாத்தியம் சுருதிப்பெட்டிக்கு மேலே நிற்கிறது. கெண்டையை வெளியே இழுத்தால் கீழ் ஸ்வரங்கள் சேர்கின்றன. மேலே போகப் போக இறங்கிவிடுகிறது. வாத்தியத்தில் கோளாறா?
*(பாபநாசம்)*

வாத்தியத்தைச் சந்தேகிக்க வேண்டாம். கெண்டையை இழுப்பது எல்லா ஸ்வரத்தையும் ஒரே அளவு இறக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கெண்டையை 3 மில்லிமீட்டர் இழுக்கிறீர்கள். எல்லா விரலும் மூடிய நிலையில் காற்று ஓடும் நீளம் 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அது நூற்றுக்கு அரை பங்கு. மேல் துளைகள் திறந்து 30 சென்டிமீட்டர் மட்டும் ஒலிக்கும்போது அதே 3 மில்லிமீட்டர் நூற்றுக்கு ஒரு பங்கு, அதாவது இரட்டிப்பு. அரைக் கட்டை வித்தியாசம் என்பதே நூற்றுக்கு சுமார் 6 பங்குதான். ஆக, மேலே ஏற்படும் அந்த ஒரு பங்கு அரைக் கட்டையில் ஆறில் ஒன்று. காதுக்கு நன்றாகவே தெரியும்.

அதனால் இழுப்பதை 2, 3 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குமேல் இழுக்க வேண்டியிருந்தால் சீவாளிதான் காரணம். புதுசு விறைப்பாக இருப்பதால் உதட்டை இறுக்குகிறீர்கள். இறுக்கினால் எல்லாமே ஏறும். கெண்டையைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டு, ஒரு வாரம் தினமும் 10 நிமிடம் மட்டும், உதட்டைத் தளர்த்தி, ஆதார ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் நீட்டிப் பிடித்து வாசியுங்கள். இதழ் இளகியதும் சுருதி தானாக இறங்கும். ஒரு வாரம் கழித்தும் ஏறியே நின்றால் செய்தவரிடம் கொண்டுபோய், இதைவிடச் சற்று நீளமாக ஒன்று கேளுங்கள்.

ஒன்றை மட்டும் தொடாதீர்கள்: வாசிக்கும் ஏழு துளைக்குக் கீழே, அடியிலும் பக்கவாட்டிலும் இருக்கும் பிரம்மசுரத் துளைகளில் அடைத்திருக்கும் மெழுகு. அதைச் சுரண்டிவிட்டால் வாத்தியத்தின் ஆதாரமே நகர்ந்துவிடும். அப்புறம் எந்தச் சீவாளி சரி என்று கண்டுபிடிக்கவே முடியாது.

மேல் ஸ்தாயியில் திடீர் திடீரென்று கிறீச்சிடுகிறது. நேற்றுவரை நன்றாக இருந்த சீவாளி.
*(சீர்காழி)*

நேற்றுவரை நன்றாக இருந்தது என்று சொல்லியிருப்பது உதவுகிறது. சீவாளியின் அமைப்பில் கோளாறு என்றால் முதல் நாளே தெரிந்திருக்கும். இந்த வரிசையில் பாருங்கள்.

நன்றாக நனைந்ததா? உலர்ந்த இதழ் ஒழுங்காக அதிராது, வேகமாக ஊதினால் கிறீச்சிடும், வெடிக்கவும் செய்யும். அவசரத்தில் எடுத்தவுடன் ஊதுவதால்தான் அதிகமான சீவாளிகள் பாழாகின்றன. அடுத்து, கெண்டையில் தளர்ந்திருக்கிறதா? அடிக்கட்டு காய்ந்து சுருங்கினால் பிடி விட்டுப்போகும். கெண்டை முனையில் பருத்தி நூலை ஒன்றிரண்டு சுற்று இழுத்துச் சுற்றி, மேலே தேன்மெழுகை லேசாகத் தடவிச் செருகுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் உள்ளே எச்சில் கசடு சேர்ந்திருக்கும். வாத்தியத்தில் தொங்கும் மழுங்கிய சீவாளி ஊசியால் மெல்ல எடுக்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால் மூலையைப் பாருங்கள். நனைந்த இதழை வெளிச்சத்தில் பிடித்து, பெருவிரல் நகத்தால் நுனியை மிக மெல்லத் தள்ளினால் வெடிப்பு கோடாகத் தெரியும். வெடித்த சீவாளிக்கு மருந்து கிடையாது. வீட்டுச் சாதகத்துக்குச் சில நாள் ஓட்டலாம், அவ்வளவுதான்.

ஐப்பசி பிறந்ததும் சீவாளி எல்லாம் கெட்டுப்போகிறது. ஒன்றில் பூஞ்சைகூடப் பூத்துவிட்டது. மழைக்காலத்தில் எப்படிப் பாதுகாப்பது?
*(வேதாரண்யம்)*

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் துணியே காய்வதில்லை, சீவாளி எங்கே காயும்! தட்டை காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும். இதழ் தளதளத்து, வாய் விரிந்து, ஒலி பரந்துபோகும். சித்திரை வெயிலில் இதற்கு நேர்மாறு. வற்றி விறைத்து வாய் அடைத்துக்கொள்ளும். ஒரே சீவாளி இரண்டு பருவத்துக்கும் பேசும் என்று எதிர்பார்க்காதீர்கள். மழைக்காலத்துக்குச் சற்று விறைப்பானதையும் கோடைக்குச் சற்று இளசானதையும் ஒதுக்கி வையுங்கள்.

வாசித்து முடித்ததும் சீவாளியைக் கெண்டையிலிருந்து கழற்றி, நுனியைச் சுத்தமான பழைய வேட்டித் துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். உள்ளே இருக்கும் ஈரத்தை அடிப்பக்கத்திலிருந்து ஊதி வெளியேற்றுங்கள். அரை மணி நேரமாவது நிழலில், காற்றோட்டத்தில் இருக்கட்டும். வெயிலில் வைக்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் காய்ந்து வளைந்துவிடும். காய்ந்த பிறகு மரப்பெட்டியிலோ, மூடியில் நாலைந்து துளை போட்ட டப்பாவிலோ வைக்கலாம். பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்துவைத்தால் பூஞ்சை பூக்கத்தான் செய்யும். பூத்ததை வாயில் வைக்காதீர்கள். துடைத்துவிட்டுத் திரும்ப ஊதுவதும் வேண்டாம், எறிந்துவிடுங்கள்.

மூன்று சீவாளிகளை முறைபோட்டு, ஒரு நாளைக்கு ஒன்று என்று வாசித்தால் ஒவ்வொன்றும் முழுதாகக் காய இரண்டு நாள் கிடைக்கும். ஒன்றையே தினமும் நனைப்பதைவிட மூன்றும் நெடுநாள் உழைக்கும். இன்னொன்று: காபி குடித்ததும், இனிப்பு சாப்பிட்டதும், வெற்றிலை போட்டதும் வாய் கொப்பளிக்காமல் ஊதாதீர்கள். சர்க்கரைப் பிசுக்கு இதழின் உள்ளே படிந்தால் எறும்பும் வரும், பூஞ்சையும் வரும்.

சீவாளி கனமாக இருக்கிறது. பிளேடால் லேசாகச் சுரண்டிப் பார்க்கலாமா? காணொளிகளில் மேல்நாட்டு ஓபோ வாசிப்பவர்கள் சுரண்டுகிறார்களே.
*(தஞ்சாவூர்)*

அவர்கள் அதைப் பல வருடம் கற்றுக்கொண்டு செய்கிறார்கள். ஒரு ரீடு (ஓபோவின் சீவாளி) போனால் அடுத்ததைத் தாங்களே செய்துகொள்வார்கள். நீங்கள் இப்போது பிளேடை எடுக்காதீர்கள்.

காரணம் சொல்கிறோம். நாம் எழுதும் சாதாரணத் தாளின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். இதழ் நுனியில் அந்த அளவு போனாலே சீவாளி வேறு சீவாளி ஆகிவிடும். நுனியைச் சுரண்டினால் ஊத எளிதாகும், கூடவே சுருதியும் இறங்கும். இறங்கியதே என்று நுனியைக் கத்தரித்தால் சுருதி ஏறும், கூடவே மறுபடி விறைக்கும். சுரண்டு, கத்தரி, சுரண்டு என்று போய்க் கடைசியில் அரை விரற்கடைத் துண்டுதான் கையில் மிஞ்சும். போனதைத் திரும்ப ஒட்ட முடியாது.

பிளேடு இல்லாமலே செய்யக்கூடியவை உண்டு. வாய் அதிகம் திறந்திருந்தால் காற்று வீணாகி, கனமாக இருப்பதாகத் தோன்றும். நன்றாக நனைத்தபின், இதழின் நடுப்பகுதியைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, பத்து எண்ணும்வரை மெல்ல அழுத்திப் பிடித்து விடுங்கள். ஊதிப் பாருங்கள்; போதாவிட்டால் இன்னொரு தடவை. வாய் அடைத்திருந்தால் நனைத்தபின் அடிப்பக்கமாக ஊசியைச் செலுத்தி, இதழ் தொடங்கும் இடம்வரை மட்டும் கொண்டுபோய் மெல்லச் சுழற்றுங்கள். நுனிவரை தள்ளினால் கிழியும். உலர்ந்த சீவாளியில் இந்த இரண்டையுமே செய்யக்கூடாது.

கொள்ளிடக் கரையில் நாணல் மண்டிக் கிடக்கிறது. வெட்டி நாமே செய்தால் என்ன?
*(அணைக்கரை)*

நீங்கள் பார்ப்பது வெள்ளையாகப் பூத்து ஆடும் நாணலாக இருந்தால் அதற்குத் தண்டு மெல்லியது, உள்ளே பஞ்சுபோன்ற சோறு அடைத்திருக்கும். சீவாளிக்கு வேண்டியது கொறுக்கந்தட்டை. அதுவும் ஆற்றுப் படுகையில்தான் வளரும், ஆனால் உள்ளே குழலாக இருக்கும். பேச்சு வழக்கில் இரண்டையுமே நாணல் என்று சொல்வதால் வரும் குழப்பம் இது. ஒரு துண்டைக் குறுக்கே நறுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கொறுக்கையே கிடைத்தாலும் இன்று வெட்டி நாளை ஊத முடியாது. முற்றிய தட்டையை வெட்டி, நெடுநாள் காயப்போட்டு, கணு நீக்கி நறுக்கி, நெல்லோடு சேர்த்து அவித்து, மறுபடி உலர்த்தி, அழுத்தித் தட்டையாக்கி, அடியில் நூல் சுற்றிக் கட்டி, நுனியைச் சீவி எடுக்கிறார்கள். இதில் அவிக்கும் பதமும் சீவும் கையும் பார்த்துப் பழகினால்தான் வரும். ஆசை இருந்தால் திருவாவடுதுறையில் செய்பவர் யாரிடமாவது அனுமதி கேட்டு, ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வாத்தியம் கற்கும் பிள்ளைக்கு அந்த ஒரு நாள் பெரிய பாடம். ஆனால் கற்கும் காலத்தில் சொந்தச் சீவாளியில் வாசிக்காதீர்கள். பிழை விரலிலா, சீவாளியிலா என்று வாத்தியாராலேயே பிரித்துச் சொல்ல முடியாமல் போகும்.

என் மகன் டப்ளினில் வேலை பார்க்கிறான். சின்ன வயதில் இங்கே இரண்டு வருடம் நாகஸ்வரம் கற்றவன். அங்கே 'இல்லன் பைப்ஸ்' என்ற வாத்தியத்தைக் கற்கப் பழைய செட் ஒன்று வாங்கியிருக்கிறான். ரீடு சரியில்லையாம். 'அப்பா, திருவாவடுதுறையில் சொல்லி ஒன்று செய்து அனுப்ப முடியுமா?' என்று கேட்கிறான். முடியுமா?
*(கும்பகோணம்)*

தம்பியின் எண்ணம் எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் முடியாது ஐயா. ஏன் என்று தெரிந்துகொண்டால் அவருக்கே நல்லது. நாகஸ்வரப் பழக்கத்தில் ஒன்றிரண்டு அங்கே ரீட்டைக் கெடுத்துவிடும்.

இல்லன் பைப்ஸை வாயால் ஊதுவதில்லை. வலது கைக்கு அடியில் கட்டிய துருத்தியை முழங்கையால் அழுத்த, காற்று இடது அக்குளில் இருக்கும் பைக்குப் போய், அங்கிருந்து சாண்டர் என்ற குழலுக்குள் இறங்குகிறது. முழங்கையைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. சாண்டரின் தலையில் மூடிக்குள் இருக்கும் ரீடு, நம் சீவாளியைப் போலவே இரண்டு இதழ் கொண்டது. அதையும் உள்ளே குழலான நாணல் வகைத் தட்டையில்தான் செய்கிறார்கள். இதழ்கள் ஏறி நிற்கும் உலோகக் குழல் நம் கெண்டைக்குச் சமம். அதிகமாகப் புழங்கும் சாண்டரின் ஆதாரச் சுருதிகூட நம் கணக்கில் இரண்டு கட்டைதான். ஒற்றுமை இதோடு முடிகிறது.

அந்த ரீடு வாழ்நாள் முழுக்க உலர்ந்தே இருக்க வேண்டும். துருத்திக் காற்றில் எச்சில் ஈரம் கிடையாது. அதற்கேற்றாற்போல் இதழைச் சீவியிருப்பார்கள். உதடும் தொடுவதில்லை. நாம் உதட்டால் செய்யும் அழுத்தத்தை அங்கே இதழைச் சுற்றிய சிறிய செம்புப் பட்டை செய்கிறது. பழக்க தோஷத்தில் அதை வாயில் வைத்து நனைத்தால் இதழ் உப்பி வாய் மாறிவிடும். முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்: நனைக்கக்கூடாது. செம்புப் பட்டையையும் அவராகத் தள்ளக்கூடாது. ஒரு மயிரிழை நகர்ந்தாலே வாயின் திறப்பும் சுருதியும் மாறும். பழைய இடம் திரும்பக் கிடைக்காது.

நல்ல ரீடு கிடைக்க அங்கேயும் வழி நம் வழிதான், வாத்தியத்தைக் கையோடு கொண்டுபோவது. ஒவ்வொருவர் செய்யும் சாண்டரின் உள்துளையும் வேறு வேறு. ஒருவர் சாண்டருக்குச் செய்த ரீடு இன்னொருவர் சாண்டரில் சேராது. பழைய செட் என்பதால், முதலில் அந்தச் சாண்டரைச் செய்தவர் யார் என்று விசாரிக்கட்டும். அவர் இன்னும் தொழிலில் இருந்தால் அவரிடமே சாண்டரைக் கொடுத்து, அதில் பொருத்திச் சரிபார்த்த ரீடு இரண்டு வாங்கட்டும். இல்லாவிட்டால் டப்ளினிலேயே 'நா பீபரி இல்லன்' என்ற வாசிப்பவர்களின் சங்கம் இருக்கிறது. 1968இல் தொடங்கியது, ஹென்ரியெட்டா தெருவில் இருக்கிறது. இல்லன் பைப்ஸ் வாசிப்பு 2017இல் யுனெஸ்கோவின் மரபுக் கலைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அப்படிப்பட்ட கலையின் தலைநகரத்திலேயே உங்கள் மகன் இருக்கிறார். அங்கே வகுப்பில் சேர்ந்தால், ரீட்டைப் பார்த்துச் சொல்ல ஆள் கிடைக்கும்.

புது ரீட்டை வாங்கும்போது மூன்று இடங்களைச் சோதிக்கட்டும். எல்லாத் துளையும் மூடிய கீழ் ஸட்ஜம் கொழகொழக்காமல் நிற்க வேண்டும். பெருவிரல் துளை திறந்த மேல் ஸட்ஜம், காற்றைக் கூட்டும்போது தொய்யக்கூடாது. இரண்டாவது ஸ்தாயிக்குத் தாவும்போது கை வலிக்கும் அளவு பையை நெரிக்க வேண்டியிருந்தால், தொடங்குபவருக்கு அந்த ரீடு விறைப்பு. முதல் வருடத்துக்குத் துருத்தி, பை, சாண்டர் மூன்று மட்டும் உள்ள பயிற்சி செட் போதும். அவருடைய செட்டில் சுருதிக் குழல்கள் இருந்தால் அவற்றை அடைத்துவைத்துவிட்டு, சாண்டர் ரீடு ஒன்றில் மட்டும் கவனம் வைக்கட்டும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் காற்று வறண்டுபோகும். ரீடு உடனே சுருதி மாறும். வாத்தியத்தைப் பெட்டியில் மூடி, ஹீட்டரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். ஊருக்கு வரும்போது எடுத்து வந்தால் நம் ஈரக் காற்றில் அது வேறு மாதிரி பேசும். அப்போது பதறி யாரிடமும் சுரண்டக் கொடுக்க வேண்டாம். திரும்பிப் போய் ஒரு வாரம் இருந்தால் பழையபடி ஆகிவிடும்.

நாகஸ்வரத்தில் சீவாளிகளோடு ஓர் ஊசியும் தொங்குகிறதே, அது எங்கே கிடைக்கும்? தாத்தா வைத்திருந்தது தந்தத்தில் இருந்தது. உடைந்துவிட்டது. தொங்கவிடும் நூல் எவ்வளவு நீளம் இருக்கலாம்?
*(குத்தாலம்)*

தந்தம் தேடாதீர்கள், அதை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம். கொம்பு, மரம், உலோகம் மூன்றில் எதுவானாலும் வேலை நடக்கும். முனை மழுங்கி, வழவழப்பாக, மேலே போகப் போகச் சீராகப் பருத்திருக்க வேண்டும். சீவாளி வாங்கப் போகும்போது அங்கேயே கேளுங்கள். உலோக ஊசி என்றால் முனையை நகத்தில் இழுத்துப் பாருங்கள். கீறல் விழுந்தால் இதழின் உட்புறத்திலும் விழும். தொங்கவிடும் நூல் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வாசிக்கும்போது ஊசி முதல் துளையில் இடிக்காத அளவுக்கு இருந்தால் சரி.